வெள்ளத்துப் பாதிரியார்

இடது முட்டி அன்று காலை மடங்க மறுத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கித் தரையில் வைத்தேன். சாராயக்கடை மாடிப்படியில் நான் உருண்டது மட்டும் பதினோரு தடவை. குதிரையிலிருந்து விழுந்ததற்குக் கணக்கில்லை. விழுவதற்கென்று தனி ஆள் வைத்தால் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும். "நீயே விழுந்துடுறியா?" என்று டைரக்டர் கேட்பார். சரி என்பேன். சரி என்கிறவனைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

என் பெயர் வெர்னன் டாக்கெட். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். தொலைக்காட்சியில் ஷெரீப்புக்குப் பின்னால் நிற்கிறவன், சிறைக்காவலன், பெட்ரோல் பங்கில் "அந்தப் பக்கம்தான் போனாங்க" என்று கை காட்டுகிறவன், இரண்டாவது விளம்பரத்துக்கு முன்னால் சுடப்பட்டுச் சாகிறவன், எல்லாம் நான்தான். பதினாறு வயதில் டாஃப்ட் எண்ணெய் வயலில் குழாய் சுமக்க ஆரம்பித்தேன். அங்கே வேலை முடிந்தால் உடம்பெல்லாம் எண்ணெய், இங்கே முகமெல்லாம் பவுடர். இரண்டு இடத்திலும் காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு இடத்திலும் போதும் என்று சொல்கிறவன் வேறொருவன்.

அது எண்பத்தொன்று டிசம்பர். எங்கள் நடிகர் சங்கம் வருஷச் சம்பாத்தியத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. வருஷம் முடிவதற்குள் அதைத் தாண்டினால் அடுத்த வருஷம் முழுக்க உனக்கும் உன் மனைவிக்கும் வைத்தியச் செலவைச் சங்கத்துக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். ஒரு டாலர் குறைந்தாலும் கிடையாது. எனக்கு ஒரு நாள் குறைந்தது. ஒரே ஒரு நாள் கேமரா முன்னால் நின்று வாயைத் திறந்தால் போதும், கோட்டைத் தாண்டிவிடுவேன்.

என் மனைவி நோரீனுக்குக் குடலில் கட்டி. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காப்பீடு இல்லாவிட்டால் வீட்டை விற்றாலும் பாதிக்குத்தான் காணும். பதினெட்டாம் தேதியோடு ஊரில் எல்லா ஷூட்டிங்கும் கிறிஸ்துமஸுக்காக நின்றுவிடும். அன்றைக்குத் தேதி எட்டு.

பர்பாங்கில் ஒரு ஸ்டூடியோவில் நீதிபதி வேஷத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு, ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே முகம். ஏறின நெற்றி, உடைந்த மூக்கு, தொங்குகிற தாடை. ஐந்து பேரும் சொந்தக் கறுப்புக் கோட்டில். வேலையில்லாமல் வீட்டிலிருக்கிற நீதிபதிகள் மாதிரி.

ஆறாவதாக மைலோ வார்கோ வந்தான்.

"என்னடா எண்ணெய்க்காரா, இன்னும் சாகலையா?"

"போன வியாழக்கிழமைதான் செத்தேன். எட்டு மணிக்குப் போட்டான். நீ பாக்கலையா?"

"பாத்தேன். நல்லாத்தான் செத்த. ஆனா கொஞ்சம் சீக்கிரம் செத்துட்ட. நானா இருந்தா இன்னும் ரெண்டு வரி பேசிட்டுச் செத்திருப்பேன்."

"வரி எழுதியிருந்தாத்தானேடா கரிக்காரா."

மைலோ பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துப் பிள்ளை. அப்பன், அண்ணன், மாமன் எல்லாரும் கீழே இறங்கினவர்கள். இவன் மட்டும் பட்டாளத்துக்குப் போய், திரும்பி வரும்போது தவறான ரயிலில் ஏறி இந்த ஊருக்கு வந்துவிட்டதாகச் சொல்வான். எனக்கும் அவனுக்கும் முகம் அப்படியொரு ஒற்றுமை. நோரீனே ஒருமுறை தொலைக்காட்சியைப் பார்த்து, "இது நீயா அவனா?" என்று கேட்டாள். எனக்கே ஒரு நிமிஷம் ஆனது.

எங்கள் தொழிலில் சில வழக்கங்கள் உண்டு. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்வதில்லை. முடிந்த பிறகு, கிடைத்ததா என்று கேட்பதில்லை. யாராவது வேலைக்குப் போனால் என்ன வேஷம், எப்படிக் கிடைத்தது என்றும் கேட்பதில்லை. இன்னொன்று, வெளி ஆட்கள் நம்மை வேறொருவனாக நினைத்துப் பாராட்டினால் திருத்தக் கூடாது. ஒரு பெண்மணி கடையில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ஓடிவருவாள். "நீங்கதானே அந்த ரயில் கொள்ளையில..." என்பாள். நான் இல்லை, அது மைலோ. ஆனால் இல்லை என்றால் அவள் முகம் செத்துவிடும். அதனால் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அவன் எனக்காக எத்தனையோ தேங்க்ஸ் வாங்கியிருக்கிறான், நான் அவனுக்காக வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை.

நீதிபதி வேஷத்துக்கு இரண்டு வரி படித்தோம். "நல்லது, சொல்லியனுப்புறோம்" என்றார்கள். எங்கள் அகராதியில் அதற்கு இல்லை என்று அர்த்தம். வெளியே வந்து எதிர்க்கடையில் காப்பி குடித்தோம். மைலோ மூன்று பொட்டலம் சர்க்கரை போட்டுக்கொண்டு ஒரு கையால் நெஞ்சைத் தடவினான்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

"பிப்ரவரியில தொடை வழியா ஒரு குழாயை விட்டு இருதயத்தைப் பாக்கணும்னு சொல்றார். எங்கப்பன் கடப்பாரையால தோண்டினான், இவன் குழாயால தோண்டுறான்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுக்குக் காப்பீடு வேணுமே. எனக்கு ஒரு நாள் குறையுதுடா" என்றான்.

"எனக்கும் ஒரு நாள்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன்தான் முதலில் சிரித்தான். "ஒரு நீதிபதியை ரெண்டாப் பிளந்து ஆளுக்குப் பாதி குடுக்கச் சொல்லலாமா?"

பதினான்காம் தேதி மத்தியானம் ஏஜென்ட் ஹெலன் லுபின் போன் பண்ணினாள். அறுபது வயதுக்காரி. நாற்பது கிழட்டு முகங்களை வைத்துக் காலம் தள்ளுகிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வெர்ன், வேலை வந்திருக்கு. ஒரு நாள். சிறைச்சாலைப் பாதிரியார். புதன்கிழமை. படிச்சுக் காட்ட வேண்டாம், நேரா வான்னு சொல்லிட்டாங்க."

"என்னையா?"

"டைரக்டர் சின்னப் பையன், ப்ரூவர்னு. அவனுக்கு அந்த வெள்ளத்துப் பாதிரியார்தான் வேணுமாம். ஆத்துல இறங்கினாரே, அந்த நடிகரையே கூட்டி வாங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

வெள்ளத்துப் பாதிரியார் மைலோ. ஆறு வருஷத்துக்கு முன்னால் செய்தது. நீச்சல் தெரியாத ஒரு கிராமத்துப் பாதிரியார், கூரைமேல் மாட்டிக்கொண்ட குருட்டுக் கிழவியைப் பார்த்து வெள்ளத்தில் இறங்கி நடக்கிறார். வேதப் புத்தகத்தை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. கடைசியில் கையும் புத்தகமும்தான் தெரியும். ஒரு வசனம் கிடையாது. மைலோ மூன்று நாள் குளிர்ந்த தண்ணீரில் நின்று, ஒரு மாதம் நிமோனியாவில் கிடந்தான். அவன் செய்ததிலேயே ஊரில் நாலு பேர் நினைவு வைத்திருந்தது அது ஒன்றுதான். அதுவும் பெயர் தெரியாமல்.

"கேட்டுட்டு இருக்கியா?" என்றாள் ஹெலன். "அவங்க ஆபீஸ் பொண்ணு சொன்ன பேர் வெர்னன் டாக்கெட். எழுதி வெச்சிருக்கேன். யாரு எந்த ஆத்துல நனைஞ்சான்னு நான் நினைவு வெச்சுக்கிறதில்லை. பேர் சரியா இருந்தா எனக்குப் போதும். பேர் சரிதானே?"

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

"தேங்க்ஸ், ஹெலன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நோரீன் சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"வேலையா?"

"புதன்கிழமை. பாதிரியார் வேஷம்." சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். "வெள்ளத்துப் பாதிரியார் மாதிரி வேணுமாம்."

"அது மைலோவாச்சே. இந்த சோபாவுலதானே மூணு பேரும் உக்காந்து பாத்தோம்? அவன் வெக்கப்பட்டுப் பாதியில எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டான்."

"ஆபீஸ்ல பேரை மாத்திக் குடுத்துட்டாங்க."

"அப்ப கூப்பிட்டுச் சொல்லு."

"சொன்னா அவனுக்குக் குடுத்துடுவாங்கன்னு என்ன நிச்சயம்? குழப்பம்னா ரெண்டு பேரையும் விட்டுட்டு மூணாவது ஒருத்தனைப் புடிப்பாங்க. உனக்குத் தெரியாது அவங்களை."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா நான் வேற யாரோட குடித்தனம் பண்றேன்?" துணியை நாற்காலி முதுகில் போட்டாள். "அவனுக்கும் ஒரு நாள் குறையுதுன்னு நீதானே வந்து சொன்ன?"

"அவன் ஒத்தை ஆள். சோதனை பண்ணிப் பாக்கிறதுதான். உனக்குக் கட்டி இருக்கு நோரீன். கட்டி."

வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். அந்த மாதம் அவள் பன்னிரண்டு பவுண்டு இளைத்திருந்தாள். வேண்டாம் என்று அவள் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போனை எடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவள் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான்.

"செய்யிறதைச் செய். ஆனா எனக்காகன்னு எங்கிட்டச் சொல்லிட்டுச் செய்யாதே" என்றாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

புதன்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். ப்ரூவர் முப்பது வயதுகூட ஆகாத பையன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நான் காலேஜ்ல சேராம அப்பாவோட ஆணிக்கடையில இருந்தேன். அன்னைக்கு உங்களைப் பாத்தேன், தண்ணியில. அடுத்த வாரமே பஸ் ஏறிட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு ஆறு வருஷமா வெச்சிருக்கேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பையன் கண் கலங்கியிருந்தது. வாயில் தானாக வந்தது. "தேங்க்ஸ்."

காட்சி இதுதான். தூக்குத் தண்டனைக் கைதியைக் கூட்டிப் போகிறார்கள். கம்பிக் கதவைச் சாத்தி, பாதிரியாரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். காவலர்கள் குறுக்கே நிற்கிறார்கள். கைதி கடைசியாகத் திரும்பிப் பார்க்கும்போது, அவர்கள் தலைக்கு மேலே வேதப் புத்தகம் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு நாலு வரி வசனம். வசனத்தை ஒரே டேக்கில் முடித்தேன். புத்தகத்தைத் தூக்கினேன்.

"இல்ல சார்" என்றான் ப்ரூவர். அருகில் வந்து மெதுவாகச் சொன்னான். "நீங்க ஆசீர்வாதம் பண்றீங்க. ஆத்துல பண்ணது அது இல்ல. ஆத்துல நீங்க எதையோ காப்பாத்திட்டு இருந்தீங்க. அந்தக் கை வேணும்."

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மைலோ சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சுரங்கத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. அப்பன் கழுத்தளவு தண்ணீரில் அரை மைல் நடந்து வெளியே வந்தான். சாப்பாட்டு டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. உள்ளே பாதி தின்ற ரொட்டி. "பயத்துல அவனுக்குக் கையை இறக்கத் தெரியலடா. வெளிய வந்தப்புறமும் தூக்கியே வெச்சிருந்தான். எங்கம்மா போய்க் கையைப் புடிச்சு இறக்கினா." மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, இரண்டு விரல் மட்டும் விறைத்து, முழங்கை லேசாக நடுங்கும். மைலோ காப்பிக் கடையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டியிருக்கிறான்.

அடுத்த டேக்கில் மணிக்கட்டை மடக்கினேன். இரண்டு விரலை விறைத்தேன். முழங்கையை நடுங்கவிட்டேன்.

"கட்" என்று சொல்ல ப்ரூவருக்கு நேரம் ஆனது. விளக்குப் பிடிக்கிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள் யாரும் அசையவில்லை. பிறகு கை தட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்குச் செட்டில் யாரும் கை தட்டியதில்லை. தாளில் கையெழுத்துப் போட்டேன். வெர்னன் டாக்கெட், ஒரு நாள்.

கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல மைலோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நோரீனுக்கு டப்பாவில் அடைத்த பீச் பழம் கொண்டுவந்திருந்தான். அப்போதைக்கு அவளால் சாப்பிட முடிந்தது அதுதான். அவனுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை.

"உனக்குக் கிடைச்சுதாமே. தாழ்வாரத்துல பேசிக்கிட்டாங்க" என்றான் என்னிடம். "நல்லதுடா. நோரீனுக்கு நல்லது."

என்ன வேஷம் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு இறைச்சியை வெட்டிப் பரிமாறினேன். நோரீன் தலைவலி என்று எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி பன்னிரண்டில் கட்டியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. மைலோவின் காப்பீடு ஜனவரி ஒன்றாம் தேதியோடு போய்விட்டது. பிப்ரவரிச் சோதனையை அவன் ரத்து செய்துவிட்டான். "அடுத்த வருஷம் தோண்டிக்கலாம்" என்றான். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதாக வேறு ஒருவன் சொன்னான்.

மார்ச்சில் அந்த எபிசோட் வந்தது. மறுநாள் மைலோ போன் பண்ணினான்.

"வெர்ன், இன்னைக்குக் கடையில மூணு பேர் என் கையைப் புடிச்சுக் குலுக்கினாங்க. பாதிரியாரா பிச்சு உதறிட்டீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவாங்க? தேங்க்ஸ்னு சொன்னேன். நானும் பாத்தேன். அது எங்கப்பன் கைடா."

"தெரியும்."

"கையை எடுத்துக்கிட்டதுக்குச் சண்டை போட வரல. நானும் நாலு பேர்கிட்ட திருடித்தான் பொழைச்சேன். ஒண்ணு மட்டும் கேக்கிறேன். உன்னை எதைப் பாத்துட்டுக் கூப்பிட்டாங்க?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் கேட்டான். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். ஆபீஸ் பெண் பெயரை மாற்றியது, ஹெலன் கேட்டது, நான் தேங்க்ஸ் சொன்னது, எல்லாம் சொன்னேன்.

"இது எப்போ?"

"டிசம்பர் பதினாறு."

"ஓ" என்றான். போனை வைத்துவிட்டான்.

அந்த நாள் சம்பளத்தை உறையில் போட்டுக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். கார் கொட்டகைக்கு மேலே ஒற்றை அறை. கதவைத் திறந்தான். உறையைப் பார்த்தான், வாங்கவில்லை.

"இதை வெச்சு நான் என்ன பண்ண? சங்கத்துல பணத்தைக் கட்டினா நாளைக் குடுப்பாங்களா? நீ எடுத்தது பணம் இல்லடா. நாளு. குடுக்கணும்னா நாளைக் குடு."

"நோரீனுக்காக..."

"அவ பேரை எடுக்காதே. நீ எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, போடான்னு நானே அனுப்பியிருப்பேன். கேட்டிருக்கலாமே வெர்ன். ஒரு போன்தானே?"

அனுப்பியிருப்பானா, தெரியாது. கேட்காததால் இனி இரண்டு பேருக்கும் தெரியாது.

ஏப்ரல் முழுக்க அலைந்தேன். ஹெலனிடம் என் வேஷம் எதையாவது மைலோவுக்குக் கொடு என்றேன். "அவன் என் ஆள் இல்லையே" என்றாள். ப்ரூவரைத் தேடிப்போய், ஆற்றில் இறங்கினது நான் இல்லை என்று சொன்னேன். பையன் சிரித்தான். "அடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார்" என்றான். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை நம்பினான். சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கியது. அந்த நடிகரின் விலாசத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை. மைலோவை ஜூனில் ஒரு வேஷத்துக்குப் பேசியிருந்தான். இரண்டு நாள் வேலை.

மே கடைசியில், துணி துவைக்கும் கடையில் மைலோ சுருண்டு விழுந்தான். காசில்லாதவர்கள் போகிற கவுண்டி ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். வசனம் பேச மூச்சு போதாது. பாதி நாளில் விழுந்துவிடுவான் என்று தெரிந்த ஆளை எந்தக் கம்பெனியும் கேமரா முன்னால் நிறுத்தாது.

செவ்வாய்க்கிழமைதோறும் நோரீன் அவனுக்குச் சூப் செய்து எடுத்துப் போகிறாள். படி ஏற முடியாததால் வீட்டுக்காரர்கள் அவனுக்குத் தரைத்தளத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் காரை ஓட்டுகிறேன், இறங்குவதில்லை. போன வாரம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்னடா எண்ணெய்க்காரா, வேலை ஏதாவது?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணு. பிணம்."

"வசனம் இருக்கா?"

"பிணத்துக்கு எங்கடா வசனம்?"

சிரிக்க ஆரம்பித்து இருமினான். நோரீன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இனி எத்தனை வேஷம் எனக்கு வந்தாலும், அதில் ஒன்றைக்கூட அவன் கையில் கொடுக்க முடியாது. மைலோ வார்கோவுக்கு நான் ஒரு நாள் வேலை கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.